வேகாஸில் ரூம் எங்கே போடுவது: ஸ்ட்ரிப்பா, ஃப்ரீமாண்ட் தெருவா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்துவிட்டால் கலிஃபோர்னியாத் தமிழ்க் குடும்பங்கள் போடும் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ பாலம், யுனிவர்சல் ஸ்டுடியோ, கிராண்ட் கேன்யன். கேன்யனுக்குப் போகிற வழியில் லாஸ் வேகாஸில் இரண்டு ராத்திரி. திட்டம் முட்டிக்கொண்டு நிற்பது அந்த இரண்டு ராத்திரியில்தான். படங்களில் பார்க்கிற பெரிய ஹோட்டல்கள் இருக்கும் ஸ்ட்ரிப்பில் ரூம் போடுவதா, வாடகை குறைவு என்று சொல்கிறார்களே, அந்த டவுன்டவுன் ஃப்ரீமாண்ட் தெருவில் போடுவதா?

இரண்டு இடத்திலும் தங்கியிருக்கிறேன். பெரியவர்களோடும் போயிருக்கிறேன், கல்லூரி நண்பர்களோடும் போயிருக்கிறேன். யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, கூட வருகிறவர்களால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதுதான். வாடகை, ஷோ, சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்.

காரணம் இந்த ஊர் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. டவுன்டவுன்தான் அசல் ஊர். 1905 மே மாதம் ரயில் கம்பெனி மனை போட்டு ஏலம் விட்ட நிலம் அது. ஸ்டேஷனுக்கு எதிரே நீண்ட தெருதான் ஃப்ரீமாண்ட். அதன் முனையில் 1906-இல் ஹோட்டல் நெவாடா என்ற பெயரில் திறந்த கட்டடம் இன்று கோல்டன் கேட் என்ற பெயரில் அதே இடத்தில் நிற்கிறது. 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்குத் தடை. சம்பளம் வாங்கிய கையோடு அவர்கள் வந்து சேர்ந்தது ஃப்ரீமாண்ட் தெருவுக்குத்தான். நடந்து போகிற மனிதர்களுக்காக, கடை கடையாக, வாசல் தெருவைப் பார்த்தபடி உருவான இடம் அது.

ஸ்ட்ரிப் அப்படி இல்லை. அது லாஸ் ஏஞ்சலஸ் போகிற நெடுஞ்சாலை. 1941-இல் எல் ராஞ்சோ வேகாஸ் என்ற ஹோட்டல் நகர எல்லைக்கு வெளியே அந்தச் சாலையோரம் திறந்தது. 1946 டிசம்பரில் பக்ஸி சீகல் என்ற தாதா ஃபிளமிங்கோவைத் திறந்தார். ஹோட்டல்களை எல்லைக்குள் இழுத்து வரி போட நகராட்சி பார்த்தது. 1950-இல் அந்தப் பகுதி பாரடைஸ் என்ற தனி டவுன்ஷிப்பாக மாறித் தப்பித்துக்கொண்டது. இன்றுவரை ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகராட்சிக்குள் வராது. 'வேகாஸ் போயிருந்தேன்' என்று பெல்லாஜியோ நீரூற்று முன்னால் நின்று படம் போடுகிற நம் ஆட்களில் பலர் லாஸ் வேகாஸ் எல்லைக்குள் கால் வைத்திருக்கவே மாட்டார்கள்.

காரில் வருகிறவனை மடக்கி உள்ளே இழுத்து, வெளியே விடாமல் வைத்திருப்பதற்காகக் கட்டிய ஹோட்டல்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர். அதனால்தான் ஸ்ட்ரிப்பில் 'பக்கத்து ஹோட்டல்' என்ற பேச்சை நம்பக்கூடாது. ஜன்னலிலிருந்து பார்த்தால் சீஸர்ஸ் பேலஸ் இதோ இருக்கிறது என்று தோன்றும். கிளம்பினால் லிஃப்டிலிருந்து உங்கள் ஹோட்டலின் கேசினோவைக் கடந்து வாசலுக்கு வரவே பத்து நிமிடம் ஆகும். அப்புறம் எஸ்கலேட்டர், மேம்பாலம், மறுபடி எஸ்கலேட்டர், இன்னொரு கடைத்தெரு, அங்கே ஒரு கேசினோ. மொத்த ஸ்ட்ரிப்பும் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். கோடையில் அந்த நடை ஆபத்தாகவே முடியலாம். 2024 ஜூலை 7 அன்று வேகாஸில் 48.9 டிகிரி பதிவானது. சித்திரை வெயில் பார்த்த உடம்புதானே என்று அலட்சியமாகக் கிளம்பாதீர்கள். அங்கே வியர்வை தெரியாது, காற்றே உறிஞ்சிவிடும். தாகம் தெரிவதற்குள் தலை சுற்றிவிடும்.

மோனோரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எம்ஜிஎம் கிராண்டிலிருந்து சஹாரா வரை, கிழக்குப் பக்க ஹோட்டல்களின் கொல்லைப்புறமாகப் போகிறது. ஸ்டேஷனுக்கு நடக்கிற நேரத்தில் பாதி வழி நடந்துவிடலாம். விமான நிலையத்துக்கும் போகாது, டவுன்டவுனுக்கும் போகாது. பெரியவர்களுக்கு உருப்படியாக உதவுவது இலவச டிராம்கள்தான். பெல்லாஜியோ, ஆரியா, பார்க் எம்ஜிஎம் மூன்றையும் இணைக்கும் ஒன்று, மாண்டலே பேயிலிருந்து லக்ஸர் வழியாக எக்ஸ்கேலிபர் வரை போகும் இன்னொன்று. இதற்கெல்லாம் மேலே, சாலையைக் கடக்கும் மேம்பாலங்களில் நிற்கக்கூடாது என்று 2024-இல் ஒரு சட்டம் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று அம்மா நடுப்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்றால், அப்பா நின்று போட்டோ எடுத்தால், சட்டப்படி அது குற்றம். முட்டிவலிக்காரர்களிடம் யாரும் அபராதம் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் 'மூவ், மூவ்' என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஃப்ரீமாண்ட் தெருவில் இந்தத் தொல்லை இல்லை. வண்டிகள் வராத ஐந்து பிளாக் நீளம், சமதரை, மேலே கூரை. கோல்டன் கேட்டிலிருந்து மெதுவாக நடந்தால்கூடக் கால் மணி நேரத்தில் மறுமுனை வந்துவிடும். கேசினோக்களின் வாசல் கதவுகள் திறந்தே கிடப்பதால் உள்ளேயிருந்து ஏசி காற்று தெருவரை வரும். கால் வலித்தால் காசு போட்டு ஆடும் ஏதாவது ஒரு ஸ்லாட் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு டாலரைப் போட்டுவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். மேலே அந்தக் கூரைதான் திரை. 1995-இல் கட்டிய வளைவு அது, 2019-இல் புதுப்பித்தார்கள். 1,375 அடி நீளம். ராத்திரியில் மணிக்கொரு முறை தெரு விளக்குகளை மங்கவைத்து அதில் ஒளிக்காட்சி ஓட்டுகிறார்கள். காசு கிடையாது.

என் அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கூரையைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஒரு டாலர் போட்டவனுக்கெல்லாம் ரெண்டு டாலர் கிடைச்சா இவன் கரண்ட் பில் எப்படிக் கட்டுவான்?" என்றார். கேசினோ கணிதம் பற்றி நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு முடிந்துபோனது.

நடையை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரியவர்களுக்கு ஃப்ரீமாண்ட்தான் என்று ஆகிறது. ஆனால் அங்கே வேறு ஒரு சங்கடம். ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தெருவின் முகமே மாறிவிடும். இறகு கட்டிய, அதைத் தவிர அதிகம் எதுவும் கட்டாத பெண்கள், பட்டை வைத்த ஜட்டியோடு ஆண்கள், படம் எடுத்தால் டிப்ஸ் கேட்டுப் பின்னாலேயே வருகிறவர்கள். தரையில் வட்டம் வரைந்து வைத்திருக்கிறார்கள், கலைஞர்கள் அதற்குள்தான் நிற்கவேண்டும் என்று. அது ஏட்டளவில். கையில் ஒரு அடி உயர பிளாஸ்டிக் குவளையோடு தள்ளாடுகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருப்பார்கள். தெருவில் குடித்துக்கொண்டு நடப்பது அங்கே சகஜம். மூன்று மேடைகளில் ஒரே நேரத்தில் ராக் இசை. வார இறுதி ராத்திரிகளில் 21 வயது ஆகாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று 2022-இல் ஒரு கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதின்வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வெள்ளி, சனி அன்று அங்கே ரூம் போடுவதற்கு முன்னால் அப்போதைய விதி என்ன என்று விசாரித்துவிடுவது நல்லது.

அம்மா இதையெல்லாம் நான் பயந்த அளவுக்குக் கண்டுகொள்ளவில்லை. "திருவிழால கரகாட்டம் பாக்காததா?" என்று சொல்லிவிட்டார். தர்மசங்கடப்பட்டது அப்பாதான். நடை முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்தது தூக்கம். ஸ்ட்ரிப்பில் இருபதாவது மாடியில் கதவைச் சாத்தினால் சத்தம் போய்விடும். ஃப்ரீமாண்ட் தெருவைப் பார்த்த அறையில் அது நடக்காது. கச்சேரி நள்ளிரவைத் தாண்டிப் போகும். அதோடு, ஸ்லாட் மிஷின் வடிவத்தில் ஒரு கோபுரம் கட்டி, அங்கிருந்து கம்பியில் ஆட்களைத் தொங்கவிட்டுத் தெருவின் நீளத்துக்கும் பறக்கவிடுகிறார்கள். ஸ்லாட்ஸில்லா என்று பெயர். பறக்கிறவர்கள் எல்லோரும் கத்துவார்கள். ஜன்னலுக்கு வெளியே ஐந்து நிமிடத்துக்கு ஒரு அலறல் என்றால் யார் தூங்குவது? டவுன்டவுனில் தங்குவதானால் தெருவைப் பார்க்காத பக்கம் அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள், செக்-இன் செய்யும்போது வாயாலும் கேளுங்கள். அல்லது கூரை முடிகிற இடத்தைத் தாண்டி இருக்கும் ஹோட்டலாகப் பாருங்கள்.

சரி, காசு. ஃப்ரீமாண்ட் பாதி விலை என்பது ஒருகாலத்தில் உண்மை. இப்போது அது கிழமையைப் பொறுத்தது. வார நாளில் ஸ்ட்ரிப்பின் நடுத்தர ஹோட்டல்களே வாடகையை மலிவாகத்தான் போடுகின்றன. கதை அதன் பிறகு வரும் ரிசார்ட் கட்டணத்தில் இருக்கிறது. நீச்சல் குளம், வைஃபை, ஜிம் என்று ஏதோ காரணம் சொல்லி ஒரு ராத்திரிக்கு 40, 50 டாலர், அதற்கு மேல் 13 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரி. குளத்தில் கால் நனைக்காவிட்டாலும் கட்டவேண்டும். 2025 மே மாதத்திலிருந்து முதலிலேயே மொத்த விலையைக் காட்டவேண்டும் என்று மத்திய அரசு விதி வந்துவிட்டதால் கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி கொடுப்பது நின்றிருக்கிறது. கட்டணம் நிற்கவில்லை. டவுன்டவுனிலும் இது உண்டு, கொஞ்சம் குறைவு. காரில் போகிறவர்கள் பார்க்கிங்கையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஸ்ட்ரிப்பில் 2016 வரை பெரிய ஹோட்டல்களில் அது இலவசம், இப்போது பல இடங்களில் தனிக் கட்டணம்.

நாங்கள் தங்கிய ஒரு ஹோட்டலில் அறையின் மினி ஃபிரிட்ஜுக்குள் சென்சார் வைத்திருந்தார்கள். அம்மா இன்சுலினைக் குளிரில் வைப்பதற்காக இரண்டு சாக்லேட்டை நகர்த்தினார், பில்லில் இரண்டு சாக்லேட் ஏறிவிட்டது. கேட்டதும் நீக்கிவிட்டார்கள், ஆனால் கேட்கவேண்டியிருந்தது. மருந்து வைத்திருக்கிறவர்கள் போனதுமே மெடிக்கல் ஃபிரிட்ஜ் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஆடுவதற்கு என்றே போகிறவர்களுக்குத் தீர்ப்பு சுலபம். கணக்கைப் பாருங்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் ஏஸும் ஒரு பத்தும் முதல் இரண்டு சீட்டிலேயே விழுந்தால் பழைய வழக்கப்படி 3-க்கு 2 கிடைக்கும். 10 டாலர் கட்டியவனுக்கு 15. ஸ்ட்ரிப்பின் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் 6-க்கு 5 என்று மாறிவிட்டன. அதே 10 டாலருக்கு 12. மூன்று டாலர்தானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சேர்க்கை சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒரு முறை விழும். ஆக, கட்டும் பணத்தில் கூடுதலாகக் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கேசினோவுக்குப் போகிறது. ஒழுங்காக ஆடத் தெரிந்தவனிடம் அவர்களுக்குக் கிடைப்பதே அரை சதவீதம் சொச்சம்தான், அது மூன்று மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. மேசைத் துணியிலேயே எந்த விகிதம் என்று அச்சடித்திருக்கும், உட்காருவதற்கு முன் படியுங்கள். 3-க்கு 2 கொடுக்கும் சின்னப் பந்தய மேசைகள் டவுன்டவுனில் இன்னும் கிடைக்கின்றன. 1941-இல் திறந்த எல் கோர்டெஸ் ஒற்றைச் சீட்டுக்கட்டு பிளாக்ஜாக்குக்கே பேர் போனது. உள்ளே போனால் கம்பளம் பழசு, கூரை தாழ்வு, ஆடுகிறவர்கள் எல்லோரும் ஆடத் தெரிந்தவர்கள். வேடிக்கை பார்க்கப் போனால் மேசைக்குப் பின்னால் நின்று பாருங்கள், நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

எண் எழுதிய சக்கரத்தில் பந்தை உருட்டும் ரூலெட்டில் பூஜ்யங்களை எண்ணுங்கள். ஒரு பூஜ்யம் என்றால் 100 டாலருக்கு 2.70 அவர்களுக்கு. இரண்டு பூஜ்யம் என்றால் 5.26. 2016-இல் ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யச் சக்கரம் வந்தது, அதில் 7.69. எண் எதில் விழுந்தாலும் கொடுப்பது 35 மடங்குதான், கட்டங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. ஸ்ட்ரிப்பில் ஒரு பூஜ்ய மேசை கிடைக்கும், ஆனால் குறைந்தபட்சப் பந்தயத்தைக் கேட்டால் ஆசை போய்விடும்.

நம் பெற்றோர்கள் உட்காருவது என்னவோ ஸ்லாட் மிஷினில்தான். இதில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் பார்க்கவேண்டியதில்லை. மிஷின் நீண்டகாலக் கணக்கில் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தரவேண்டும் என்று நெவாடா விதி இருக்கிறது. நிஜத்தில் அதைவிட அதிகம் தருகிறார்கள், ஆனால் ஒரு சென்ட் மிஷின்கள்தான் அதிகம் விழுங்கும். பெயருக்குத்தான் ஒரு சென்ட், ஒரு அழுத்தலுக்கு 50, 80 சென்ட் போய்விடும். இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்தவருக்குப் பெரிய ஜாக்பாட் விழுந்தால் அங்கேயே 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். பிளாக்ஜாக், ரூலெட்டில் ஜெயித்தால் அவர்களுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இப்போது மிஷினிலிருந்து நாணயம் கொட்டுவதில்லை, சீட்டு வரும். அப்பாவின் சீட்டில் 43 சென்ட் மீதி. பணம் கொடுக்கும் தானியங்கி மிஷினில் போட்டால் முழு டாலர்களை மட்டும் கொடுத்துவிட்டு, சில்லறையைத் தர்மத்துக்குக் கொடுக்கலாமா, கவுண்டரில் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறது. அவர் கவுண்டர் வரிசையில் போய் நின்றார். முன்னால் ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் நூற்றுக்கணக்கில் சில்லுகள். முறை வந்ததும் சீட்டை நீட்டினார். காசாளர் பெண் முகம் மாறாமல் ஒரு கால் டாலர், ஒரு பத்து சென்ட், ஒரு ஐந்து சென்ட், மூன்று ஒரு சென்ட் என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, விரலை விரித்துக் கை காலி என்று காட்டினாள். கேமராவுக்காகச் செய்வது அது. அப்பாவுக்கு அந்தக் கைப்பழக்கம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வேகாஸ் பற்றி ஊரில் அவர் சொல்லும் கதை நீரூற்று இல்லை, இதுதான்.

புகை விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நெவாடா கேசினோவில் சிகரெட் பிடிக்கலாம். அறைக்குப் போகும் வழி கேசினோவுக்குள்ளேயே என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரு நாளைக்குப் பலமுறை அந்தப் புகையைத் தாண்டியாகவேண்டும். டவுன்டவுனில் கூரை தாழ்வான பழைய கட்டடங்கள், நெடி அதிகம். ஸ்ட்ரிப்பில் பார்க் எம்ஜிஎம் 2020-இலிருந்து புகைக்குத் தடை போட்ட கேசினோ. இன்னும் நல்லது, கேசினோவே இல்லாத வ்டாரா. அறையில் சின்ன சமையலறை இருக்கிறது, பின்னால் ஒரு நடைபாதை நேராக பெல்லாஜியோவுக்குள் கொண்டுபோய் விடுகிறது. பெற்றோரோடு போகிறவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த வகை ஹோட்டலைத்தான். காலையில் பிரட் டோஸ்ட்டுக்கு 20 டாலர் கொடுத்து வயிறெரிவதற்குப் பதில், கொண்டுபோன ரவையில் உப்புமா கிண்டிக்கொள்ளலாம்.

சமையலறை உள்ள அறைகள் என்று தேடும்போது, வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையைப் பலருக்குப் பிரித்து விற்கிற டைம்ஷேர் கட்டடங்களும் வரும். தங்குவதற்கு அவை பரவாயில்லை. ஆனால் லாபியிலோ தெருவிலோ ஒருவர் சிரித்துக்கொண்டே 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று ஆரம்பித்து, ஷோ டிக்கெட் இலவசம், இரண்டு மணி நேரம் ஒரு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும் என்பார். குடும்பமாகப் போகிறவர்கள்தான் அவர்கள் குறி. விடுமுறையில் ஒரு காலைப் பொழுது போய்விடும், கெஞ்சலில் ஆரம்பித்து மிரட்டல்வரை போகும் பேச்சையும் கேட்கவேண்டும். பேசாமல் நடந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஸ்ட்ரிப் சௌகரியம், எத்தனையோ வகை. புகழ்பெற்ற பஃபேக்களில் பல 2020-இல் மூடியவை திறக்கவே இல்லை, மிச்சம் இருப்பவை விலை ஏறிவிட்டன. பெரியவர்கள் சாப்பிடுகிற அளவுக்கு அந்தக் காசு தண்டம். டவுன்டவுனில் எனக்குப் பிடித்த ஒரு விசேஷம் கலிஃபோர்னியா ஹோட்டல். பெயர்தான் கலிஃபோர்னியா, வருகிறவர்கள் ஹவாய்க்காரர்கள். 1975-இல் திறந்த சாம் பாய்ட் கலிஃபோர்னியா ஆட்களைப் பிடிக்க முடியாமல் ஹவாய்ப் பக்கம் திரும்பி, விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கொடுத்து அவர்களை இழுத்தார். வேகாஸை ஒன்பதாவது தீவு என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். நமக்கு அதில் என்ன லாபம் என்றால், அங்கே காலைச் சாப்பாட்டுக்கே சோறு கேட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். தயிர் மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

பார்ப்பதற்கு எந்தப் பக்கம் நிறைய என்றால் ஸ்ட்ரிப்தான், அதில் வாதமே இல்லை. பெல்லாஜியோவின் நீரூற்று சாயங்காலத்துக்கு மேல் கால் மணிக்கொருதரம் ஆடுகிறது. அதே ஹோட்டலுக்குள் இருக்கும் மலர்க்கூடம் காலநிலைக்கு ஒருமுறை மாறும், அதற்கும் காசு இல்லை. வெனீஷியனில் வர்ணம் பூசிய வானத்துக்குக் கீழே கால்வாயில் படகு போகும். 2023-இல் திறந்த ஸ்ஃபியர் என்ற கோளத்தை வெளியிலிருந்து பார்ப்பதே போதும், உள்ளே போக டிக்கெட் விலை மலைக்கவைக்கும். பழைய ஆட்கள் சொல்லும் மிராஜ் எரிமலையைத் தேடிப் போகாதீர்கள், அந்த ஹோட்டல் 2024 ஜூலையில் மூடியாயிற்று. ட்ராபிகானா ஹோட்டலை அதே ஆண்டு அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த ஊரில் எதுவும் வயதாகும்வரை நிற்பதில்லை.

டவுன்டவுனில் பகல் பொழுதுக்கு உருப்படியான இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மாஃபியா பற்றிய மாப் மியூசியம். 1950-இல் செனட்டர் கெஃபாவரின் குழு தாதாக்களைப் பற்றி விசாரணை நடத்திய அதே பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. இன்னொன்று நியான் மியூசியம். இடித்த ஹோட்டல்களின் பெயர்ப் பலகைகள் திறந்தவெளியில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும், மாலையில் போனால் விளக்கோடு பார்க்கலாம். கோல்டன் நகெட் ஹோட்டலில் 27 கிலோ தங்கக் கட்டி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது, 1980-இல் ஆஸ்திரேலியாவில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியவருக்குக் கிடைத்தது. அம்மா அதன் முன்னால் நின்று எத்தனை பவுன் என்று கணக்குப் போட்டார். ஏறக்குறைய 3,400 பவுன் வருகிறது.

ஆக, என் தேர்வு இது. பெற்றோரோடு முதல்முறை போகிறவர்கள் ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதியில் தங்குங்கள். பெல்லாஜியோ, சீஸர்ஸ், பாரிஸ், ஃபிளமிங்கோ இருக்கிற அந்த நாற்சந்திக்குப் பக்கத்தில். தெற்குக் கோடியிலோ வடக்குக் கோடியிலோ வாடகை குறைகிறது என்று போனால் மிச்சம் பிடித்ததை ஊபரில் விட்டுவிடுவீர்கள். ஃப்ரீமாண்டுக்கு ஒரு மாலை மட்டும் போங்கள். ஆறு மணிக்கு வண்டியில் இறங்கி, இரண்டு ஒளிக்காட்சி பார்த்து, ஒன்பதுக்குள் திரும்பிவிட்டால் அப்பாக்கள் கூரையைப் பார்க்கவேண்டிய அவசியம் வராது. டியூஸ் என்ற இரட்டைமாடி பஸ் ஸ்ட்ரிப்பிலிருந்து டவுன்டவுன் வரை ராத்திரி பகலாக ஓடுகிறது. மலிவு, ஆனால் ஒவ்வொரு ஹோட்டலிலும் நின்று நின்று போகும். நான்கு பேர் என்றால் டாக்சியே மேல்.

நண்பர்களோடு போகிறவர்கள், ஸ்ட்ரிப்பை ஏற்கெனவே பார்த்தவர்கள், ஆடுவதற்காகவே போகிறவர்கள், நள்ளிரவு தாண்டித்தான் தூங்குகிறவர்கள், இவர்களெல்லாம் ஃப்ரீமாண்டுக்குப் போகலாம். கொடுக்கும் காசுக்கு அங்கே நிறையவே கிடைக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இரண்டுமே சுமார்தான். பிள்ளைகள் கேசினோவைக் கடந்து போகலாம், நிற்கக்கூடாது. விளக்கும் சத்தமும் பார்த்து நிற்காத குழந்தை எது? அவர்களுக்கு வேகாஸில் ஒரு ராத்திரியே போதும், மற்றதைக் கேன்யனுக்கு ஒதுக்குங்கள்.

கேன்யனைச் சேர்த்துத்தான் இந்தத் தேர்வைச் செய்யவேண்டும் என்பதும் உண்டு. தெற்கு விளிம்புக்கு நாலரை மணி நேர ஓட்டம். ஒரே நாளில் போய் வருவது பெரியவர்களுக்கு வதை, அங்கேயே ஒரு ராத்திரி போடுங்கள். கண்ணாடிப் பாலம் உள்ள மேற்கு விளிம்பு இரண்டரை மணி நேரம்தான், அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், நுழைவுக் கட்டணம் தனி. ஹூவர் அணை முக்கால் மணி நேரம், அதற்கு அரை நாள் போதும்.

கடைசியாகக் கிழமை. எந்தப் பக்கம் தங்கினாலும் வெள்ளி, சனியைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஜனவரியில் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, நவம்பரில் ஃபார்முலா ஒன் பந்தயம், இந்த நாட்களில் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். பந்தயத்துக்காக ஸ்ட்ரிப் சாலையையே அடைத்துவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் திரும்புகிறவர்கள் ஞாயிறு மதியம் கிளம்பக்கூடாது. மாநில எல்லை தாண்டியதிலிருந்து பார்ஸ்டோ வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், நடுவில் பாலைவனம், கழிப்பறைக்கும் இறங்க முடியாது. ஞாயிறு ராத்திரி ரூம் வாடகை சனிக்கிழமையில் பாதிகூட இருக்காது. அன்றும் தங்கிவிட்டு, திங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதிய சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.